ஹார்ட்டாப்பை ஆறு துண்டாகச் செய்தால் ஒழுகுமா?

பிப்ரவரி 8, வந்த கேள்வி

குட்டை வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி குறைவான) ஜீப் வகை வண்டி. கேன்வாஸ் கூரை கிழிந்துவிட்டது. ஃபைபரில் நானே ஹார்ட்டாப் (கழற்றக்கூடிய கெட்டிக் கூரை) செய்யப்போகிறேன். ஆறு துண்டு: முன் இருக்கைகளுக்கு மேலே இரண்டு, பின்கூரை ஒன்று, பக்கச்சுவர் இரண்டு, பின்சுவர் ஒன்று. எது வேண்டாமோ அதை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். 4 மி.மீ. கனம். உள்ளே சட்டம் கிடையாது, ஃபைபர் ஓடே தாங்கும். இணைப்புகளில் சிலிக்கான். துண்டு கூடக்கூட வசதி கூடும் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

பிப்ரவரி 9, காலை

இல்லை என்பவன் நான். இரண்டு ஹார்ட்டாப் செய்தவன். முதலாவது ஒழுகியது, அப்புறம் விரிசல் விட்டது. இப்போது விறகுக்குக் கூரையாகக் கிடக்கிறது, அங்கேயும் ஒழுகுகிறது. இரண்டாவது மூன்று துண்டு. நாலு வருஷமாக வண்டியில் இருக்கிறது.

சிலிக்கான் போட்டு ஒட்டினால் அது கழற்றும் கூரை அல்ல, அறுத்தெடுக்கும் கூரை. அதை முதலில் மறந்துவிடுங்கள். சிலிக்கான் ஒருமுறை பட்ட இடத்தில் பெயின்ட்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது.

பிப்ரவரி 9, இரவு

காலையில் அவசரத்தில் எழுதினேன். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கூரை அகலம் 1.2 மீட்டர், முன்துண்டு நீளம் 0.7, பின்பகுதி நீளம் 1.2, பக்கச்சுவர் உயரம் 0.6 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆறு துண்டுக்கு நடுவில் வரும் இணைப்புகளைக் கூட்டினால் 6.7 மீட்டர். என் மூன்று துண்டில் (முன்னால் இரண்டு, பின்னால் முழுசாக ஒன்று) 1.9 மீட்டர். டப்போடும் (வண்டியின் திறந்த கீழுடல்) கதவோடும் முன்கண்ணாடிச் சட்டத்தோடும் சேர்கிற விளிம்பு இரண்டிலும் ஒன்றுதான், அதை விட்டுவிட்டேன். மூன்றரை மடங்கு இணைப்பு. அவ்வளவுக்கும் ரப்பர், அவ்வளவுக்கும் கிளாம்ப், அவ்வளவு இடத்திலும் கடகடச் சத்தம்.

அதைவிட மோசம், முச்சந்திகள். மூன்று விளிம்பு ஒரே புள்ளியில் கூடும் இடத்தை நான் அப்படித்தான் சொல்வேன். நேர்க்கோட்டு இணைப்பு பெரும்பாலும் ஒழுகாது; ரப்பர் ஒழுங்காக அமுங்கினால் வேலை முடிந்தது. ஒழுகுவதெல்லாம் ஒரு ரப்பர் முடிந்து இன்னொன்று தொடங்கும் மூலையில். என்னுடையதில் அப்படி 4 இடம். உங்களுடையதில் 8.

கழற்றும் கூரையில் வடிவமைப்பு என்பதே இணைப்புதான். நடுவில் இருக்கும் பலகையை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம்.

பிப்ரவரி 11

"அப்படியென்றால் ஒரே துண்டாகச் செய்வதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். தூக்குவது யார்?

ஃபைபர் லேமினேட்டின் (ரெசினில் இறுகிய ஃபைபர் பலகை) அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் 1.5 மடங்கு. உங்கள் 4 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 6 கிலோ. கூரை, சுவர் எல்லாம் சேர்த்து ஜன்னல் ஓட்டைகளைக் கழித்தால் சுமார் 3.5 சதுர மீட்டர் வரும். 21 கிலோ. 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. ஒரு சதுர மீட்டர் கண்ணாடியாவது போடுவீர்கள். கீல், கிளாம்ப், போல்ட், வைப்பர் மோட்டார், தெரியாமல் கூடுதலாக ஊற்றிய ரெசின் (எல்லோரும் ஊற்றுவோம்) எல்லாம் சேர்ந்தால் 40 கிலோவை நெருங்கிவிடும். 40 கிலோ மூட்டையைத் தோளில் தூக்கிவிடலாம். 40 கிலோ தொட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, ரோல் பாரில் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் இரும்பு வளைவு) இடிக்காமல், பெயின்ட்டில் உரசாமல் இறக்க நாலு பேர் வேண்டும். நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

எங்கே வெட்டுவது என்பதற்கு என் விதி: நினைத்தவுடன், ஒரே ஆள், வண்டியை விட்டு இறங்காமல் கழற்ற விரும்பும் பகுதி எதுவோ அது தனித் துண்டு. மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும். 2007 மாடல் ஜீப் ராங்ளரில் வந்த மூன்று துண்டு ஹார்ட்டாப் இந்த யோசனைதான்: ஓட்டுநர் தலைக்கு மேல் ஒன்று, பக்கத்து இருக்கைக்கு மேல் ஒன்று, பின்னால் பெரிய ஓடு. முன்துண்டுகளைப் பூட்டுத் திருகி எடுத்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். பெரிய ஓட்டைக் கழற்ற ஸ்பேனரும் ஆளும் வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி சுலபமாக இருக்க வேண்டும் என்று அதை வரைந்தவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 13

4 மி.மீ. கெட்டி ஃபைபர் வேண்டாம். சாண்ட்விச் போடுங்கள். நடுவில் 10 மி.மீ. பி.வி.சி. ஃபோம், மேலும் கீழும் 1 மி.மீ. ஃபைபர் தோல். எடை சதுர மீட்டருக்கு 4 முதல் 4.5 கிலோ. வளையாத தன்மை 27 மடங்கு.

பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதனால்தான். ஃபோமுக்குப் பெரிய பலம் ஒன்றும் இல்லை; இரண்டு தோலையும் தள்ளித் தள்ளிப் பிடித்திருப்பதே அதன் வேலை. சூடும் குளிரும் அவ்வளவாக உள்ளே இறங்காது. ஒற்றைத் தோல் கூரையில் விடியற்காலையில் உள்பக்கம் வியர்த்துக் கழுத்தில் சொட்டுமே, அதுவும் இருக்காது. மழையில் விரல் நுனியால் தட்டினாலே வித்தியாசம் தெரியும்: ஒன்று தகரம் மாதிரி அதிரும், மற்றது கட்டை மாதிரி 'தொப்'பென்னும்.

பிப்ரவரி 13, ஒரு மணி நேரம் கழித்து

திருத்தம். 27 மடங்கு என்பது 3 மி.மீ. கெட்டிப் பலகையோடு ஒப்பிட்டால். நீங்கள் சொன்னது 4 மி.மீ. அதோடு ஒப்பிட்டால் 11 மடங்கு. பழைய நோட்டிலிருந்து எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டேன். வாதம் மாறவில்லை, வாய்தான் கொஞ்சம் நீண்டுவிட்டது.

பிப்ரவரி 14

ஃபோம் என்றதும் கடையில் கிடைக்கும் தெர்மாகோலை வாங்கி வந்துவிடாதீர்கள். நான் வாங்கினேன்.

முதல் ஹார்ட்டாப்புக்கு அச்சு செய்ய தெர்மாகோல் கட்டிகளை அடுக்கி, அரத்தால் ராவி, இரண்டு வாரம் இழைத்து இழைத்து ஒரு வடிவம் கொண்டுவந்தேன். பார்க்கவே ஆசையாக இருந்தது. பாலியெஸ்டர் ரெசினைக் கலந்து, மேலே விரித்த கண்ணாடி இழை மேட்டில் தடவினேன். பத்து நிமிஷம் இருக்கும். நடுவில் லேசாகக் குழி விழுந்தது. காற்றுக் குமிழி என்று ரோலரால் அழுத்தினேன். ரோலர் உள்ளே போய்விட்டது. ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும். எனக்கு அது தெரிந்தது அந்த நிமிஷத்தில்தான். கையில் சொட்டச் சொட்ட ரோலரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வார வேலை இட்டாலியன் பள்ளத்தாக்கு மாதிரி உள்வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எப்பாக்சி ரெசினுக்கு இந்தப் பசி கிடையாது. பாலியெஸ்டர்தான் போடுவேன் என்றால் பி.வி.சி. ஃபோம் அல்லது பி.யூ. ஃபோம்.

இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம்: ஹார்ட்னரையும் (ரெசினை இறுக வைப்பது) கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் (அதை வேகப்படுத்துவது) நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். முதலில் ஆக்ஸிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்துவிட்டு அப்புறம் ஹார்ட்னர். முன்கூட்டியே ஆக்ஸிலரேட்டர் கலந்த ரெசினாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பிப்ரவரி 15

"இட்டாலியன் பள்ளத்தாக்கா?" என்று ஒருவர் கேட்கிறார். கைபேசி எழுதியது. நான் எழுதியது 'இடுக்கான' பள்ளத்தாக்கு. இருக்கட்டும், அதுதான் அழகாக இருக்கிறது.

பிப்ரவரி 20

அளவு எடுப்பது பற்றி. உங்கள் வரைபடத்தில் இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கின்றன. கணினியில் ஒன்றை வரைந்து மற்றதைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். வண்டியில் அப்படி இருக்காது.

என் டப்பின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்தேன். இரண்டு குறுக்கும் சமமாக இருந்தால் கோணல் இல்லை. 9 மி.மீ. வித்தியாசம். எந்தக் காலத்திலோ எங்கோ இடித்து நிமிர்த்திய வண்டி. அதனால் ஸ்கேலை நம்பாமல் அட்டையை நம்புங்கள். கெட்டி அட்டையை விளிம்பில் வைத்து, பென்சிலை ஒரு சின்னக் கட்டையோடு சேர்த்துப் பிடித்து விளிம்போடு ஓட்டிக்கொண்டே போனால் அட்டையில் அதே மேடுபள்ளம் பதியும். அதை வெட்டி 6 மி.மீ. பிளைவுட்டுக்கு மாற்றுங்கள். ரோல் பாரின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு நடுக்கோட்டைக் குறித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அந்தக் கோட்டிலிருந்து. தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்றையும் நாலிலும் ஒன்றாக வையுங்கள்.

பிப்ரவரி 26

ஓடே தாங்கும் என்றீர்களே, அதற்கு வருகிறேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம், அது என் காயம்.

ஏணிச் சட்ட வண்டி பாறையில் ஏறும்போது முறுக்கிக்கொள்ளும். ஒரு மூலையின் முன்சக்கரமும் எதிர்மூலையின் பின்சக்கரமும் மேட்டில், மற்ற இரண்டும் தொங்கிக்கொண்டு. கூரையில்லாத டப் கூடவே முறுகும். இந்தப் பரிசோதனையை வீட்டிலேயே செய்யலாம்: ஒரு முன்சக்கரத்தையும் எதிர்ப் பின்சக்கரத்தையும் கட்டை மேல் ஏற்றுங்கள். ரோல் பாரின் உச்சியிலிருந்து டப்பின் பின்மூலைக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டி அளந்து பாருங்கள். சமதளத்தில் எடுத்த அளவோடு ஒப்பிட்டால் என் வண்டியில் ஒரு பக்கம் 6 மி.மீ. நீண்டது, மறுபக்கம் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது.

இப்போது அந்த டப்பின் மேல் விறைப்பான கூரை ஓட்டைப் பத்து போல்ட் போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? வண்டியின் முறுக்கை எல்லாம் தடுக்கும் வேலை அந்த ஓட்டுக்கு வந்துவிடும். அது அந்த வேலைக்குப் பிறந்ததில்லை. என் முதல் ஹார்ட்டாப்பில் பக்க ஜன்னலுக்கு அழகாக இருக்கட்டும் என்று கூரான சதுர மூலை வைத்திருந்தேன். மூன்றாவது பயணத்தில் பின்மூலையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு. ஜெல்கோட் (மேல்பூச்சு) மட்டும்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நகத்தை வைத்து இழுத்தபோது நகம் மாட்டியது. ஐந்தாவது பயணத்தில் அந்தக் கோட்டின் வழியே வெளிச்சம் தெரிந்தது.

இரண்டாவதில் ஜன்னல் மூலைகளெல்லாம் 70 மி.மீ. ஆரத்தில் வளைவு. வளைவைச் சுற்றிக் கூடுதலாக இரண்டு அடுக்கு மேட். போல்ட் ஆறுதான், முன்னிரண்டும் கெட்டியாக, பின் நாலும் ரப்பர் புஷ் வைத்து, போல்ட் துளை போல்ட்டைவிட 4 மி.மீ. பெரிதாக. வண்டி முறுகட்டும், கூரை மேலே நழுவிக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 27

விட்டுப்போனது: சாண்ட்விச் பலகையில் போல்ட் போடும் இடத்தில் ஃபோமை நோண்டி எடுத்துவிட்டு மரைன் பிளைவுட் துண்டோ கெட்டி ஃபைபரோ பதியுங்கள். வெறும் ஃபோமில் போல்ட்டை இறுக்கினால் தோல் உள்வாங்கிவிடும், நட்டு ஒவ்வொரு மாதமும் தளரும், அந்த ஓட்டை வழியே தண்ணீர் ஃபோமுக்குள் போகும். உள்ளே போன தண்ணீர் வெளியே வருவதற்கு வழி தேடாது, தங்கிவிடும்.

மார்ச் 5

தண்ணீர். கடைசியில் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது.

முதல் ஹார்ட்டாப் செய்தபோது தண்ணீரை உள்ளே விடக்கூடாது என்று நினைத்தேன். ரப்பர் மேல் ரப்பர். இறுக்க இறுக்க ரப்பர் தட்டையாகி, வெயிலில் அப்படியே செத்துப்போய், அடுத்த மழைக்கு முன்னைவிட அதிகமாக ஒழுகியது. உள்ளீடற்ற குழல் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். நசுக்கினால் அதன் வில்தன்மை போய்விடும்.

இரண்டாவதில் யோசனையை மாற்றினேன். ஓட்டுக்கூரையில் ஓட்டுக்கு ஓடு பசையா போடுகிறோம்? மேலோடு கீழோட்டின் மேல் ஏறி நிற்கிறது, தண்ணீர் அதன் வழியே போகிறது. அதேபோல இணைப்பின் அடியில் ஒரு கால்வாய். 20 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆழம். முன்துண்டின் விளிம்பு அந்தக் கால்வாய்க்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ரப்பர் கால்வாயின் உள்பக்கக் கரையில், மேலே அல்ல. முதல் தண்ணீரை விளிம்பு தள்ளிவிடும். மீறி வருவதைக் கால்வாய் வாங்கிக்கொள்ளும். கால்வாயின் இரண்டு முனையிலும் 10 மி.மீ. குழாய், அது ரோல் பாரை ஒட்டி இறங்கி வண்டிக்கு அடியில் விட்டுவிடும். ரப்பருக்கு வருவது வெறும் தெறிப்பு மட்டும். கார்களின் சன்ரூஃப் இந்த வழியில்தான் வேலை செய்கிறது, அதன் ரப்பரும் முழுசாக அடைப்பதில்லை.

வண்டி சரிவில் நிற்கும் என்பதை மறக்காதீர்கள். மூக்கு கீழே இருந்தால் கால்வாய்த் தண்ணீர் முன்பக்கம் ஓடும். அதனால் நாலு மூலைக்கும் குழாய் வேண்டும். நான் பின்னால் இரண்டே வைத்து, இறக்கத்தில் பிரேக் அடித்தபோது இரண்டு நாள் சேர்ந்திருந்த மழைநீர் மொத்தமும் மடியில் இறங்கியது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். மடிக்கு வந்தால் வித்தியாசம் தெரிகிறது.

மார்ச் 6

ரப்பர் சரியாக அமுங்குகிறதா என்று பார்க்க: ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்துத் துண்டைப் பூட்டி, காகிதத்தை இழுங்கள். லேசான பிடிமானத்தோடு வரவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி. கிழிந்தால் அதிக இறுக்கம். ஒரு சாணுக்கு ஒருமுறை சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். அப்புறம் ரப்பர் மேல் சாக்பீஸ் தூள் தடவி, மூடி, கூரை மேல் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விடுங்கள். தூளில் கோடு எங்கே விழுகிறதோ அங்கே வழி இருக்கிறது. ஒழுகும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றல்ல. என் கியர் லீவர் மேல் சொட்டிய தண்ணீர் உள்ளே வந்தது ஒன்றரை அடி தள்ளி ஒரு போல்ட் வாஷர் வழியாக.

மார்ச் 9

குழாய்க்குள் குளவி கூடு கட்டிவிட்டது. வாயில் வலை வையுங்கள். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, கையெல்லாம் வீங்கியிருக்கிறது.

மார்ச் 18

முன்துண்டுக்கு இரண்டு டாகிள் கிளாம்ப் (நெம்புகோலை மடக்கினால் இறுகும் பூட்டு) போதுமா என்ற கேள்விக்கு.

கூரை மேல் காற்று வளைந்து ஓடும்போது அழுத்தம் குறைந்து, துண்டு மேல்நோக்கி இழுக்கப்படும். மணிக்கு 100 கி.மீ. என்றால் விநாடிக்கு 27.8 மீட்டர். அந்த வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 460 நியூட்டன். அதில் பாதி உறிஞ்சினால்கூட, இரண்டு முன்துண்டும் சேர்ந்த 0.84 சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 20 கிலோ இழுப்பு. ஜன்னல் திறந்திருந்து உள்ளே காற்று முட்டினால் 40 கிலோவை எட்டலாம். சாண்ட்விச்சில் செய்த இரண்டு துண்டின் எடையும் சேர்ந்தே 4 கிலோகூட வராது. தன் எடையால் உட்காரும் என்று நினைத்துவிடாதீர்கள், அது காகிதம்.

வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசி. அதனால் வீட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்து 'ஆடவே இல்லை' என்று முடிவுகட்டக் கூடாது.

என்னுடையதில் முன்விளிம்பில் இரண்டு நாக்கு, முன்கண்ணாடிச் சட்டத்தின் அடியில் போய் மாட்டும். பின்விளிம்பில் துண்டுக்கு இரண்டு கிளாம்ப். கிளாம்ப் நெம்புகோலில் ஒரு ஊசிப் பூட்டு, அதிர்வில் தானாகத் திறக்காமல் இருக்க. முக்கியமானது நாக்குதான்: கிளாம்ப்பைப் பூட்ட மறந்தாலும் முன்விளிம்பு எழும்பாது. பின்னால் வருபவர் கண்ணாடியில் நம் கூரை போய் உட்காரக் கூடாது.

மார்ச் 30

எதை வேண்டுமானாலும் கழற்றலாம் என்றீர்கள். ஆறு துண்டு என்றால் கணக்குப்படி 64 விதம். அதில் ஓட்டக்கூடியது எத்தனை?

என் முதல் ஹார்ட்டாப்பில், கூரை இருக்க, பின்சுவரை மட்டும் கழற்றி ஓட்டினேன் ஒருமுறை. பின்னால் காற்றோட்டமாக இருக்கும் என்ற ஆசை. பெட்டி மாதிரி வண்டி முன்னே போகும்போது அதன் முதுகில் காற்று சுழன்று அழுத்தம் குறைந்து கிடக்கும். அந்தச் சுழலில்தான் நம் சைலன்ஸர் புகையும் இருக்கிறது. பின்பக்கம் திறந்திருந்தால் இரண்டும் சேர்ந்து முன்னிருக்கைக்கு வரும். மண் பாதையில் அரை மணி நேரத்தில் பல்லில் மண் நறநறத்தது. அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கூட வந்தவருக்குத் தலைவலி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்சுவரைக் கழற்றினால் கூரையையும் கழற்றுங்கள். இல்லையென்றால் இரண்டையும் மாட்டியே வையுங்கள்.

இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளினால் மிஞ்சுவது மூன்றே: எல்லாம் மாட்டியது, முன்னால் மட்டும் திறந்தது, மொத்தமும் கழற்றியது. மூன்று விதத்துக்கு ஆறு துண்டு எதற்கு?

ஏப்ரல் 3

கூரை மேல் ராக் (சாமான் வைக்கும் தட்டு) வைத்து ஸ்டெப்னியும் தண்ணீர் கேனும் ஏற்றலாமா? ஓட்டின் மேல் கூடாது. ராக்கின் கால்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு ரோல் பாருக்கோ டப்புக்கோ போகவேண்டும். அதற்கு நாலு ஓட்டை, அதாவது நாலு புது ஒழுகல். நான் ராக்கைக் கைவிட்டேன்.

வண்டி உருண்டால் ஃபைபர் ஓடு ஆளைக் காப்பாற்றாது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன். "சட்டம் கிடையாது" என்ற உங்கள் வரியை மறுபடி படித்த பிறகு சொல்கிறேன். ரோல் பாரைத் தொடாதீர்கள். அதைத் தாண்டித்தான் கூரை.

ஏப்ரல் 4

கூரை பற்றியே பேசிக்கொண்டிருப்பதால்: பழைய லேண்ட் ரோவர் ஸ்டேஷன் வேகன்களில் 'டிராபிக்கல் ரூஃப்' என்று ஒன்று வரும். கூரைக்கு மேல் சற்று இடைவெளி விட்டு இன்னொரு தகடு. வெயிலை மேல்தகடு வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும். கூரைக்குக் குடை. டொயோட்டா எஃப்.ஜே. 40-இல் பக்கச்சுவர் இரும்பு, மேல்மூடி மட்டும் ஃபைபர். எடை உச்சியில் ஏறக்கூடாது என்பதற்கு நல்ல வழி. நாம் புதிதாகக் கண்டுபிடிப்பதாக நினைப்பதில் பாதியை அப்போதே யாரோ செய்து, கழுவி, கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 22

பக்க ஜன்னலுக்குப் பாலிகார்பனேட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) போடுவதாக எழுதியிருந்தீர்கள். போடலாம், எளிதில் உடையாது. கீறல் விழும், மேற்பூச்சு உள்ளதாக வாங்குங்கள். ஆனால் அதை இறுக்கித் திருகிவிடாதீர்கள். 90 செ.மீ. தகடு, வெப்பம் 40 டிகிரி ஏறினால் 2.3 மி.மீ. நீளும். அதைச் சுற்றியுள்ள அலுமினியச் சட்டம் நீளுவது 0.8 மி.மீ. தான். மிச்சம் ஒன்றரை மி.மீ. எங்கே போகும்? வயிறு தள்ளும், இல்லையென்றால் திருகு ஓட்டையிலிருந்து வெடிக்கும். திருகே வேண்டாம், ரப்பர் பீடிங்கில் மிதக்க விடுங்கள்.

மே 8

உங்கள் புது வரைபடம் பார்த்தேன். நாலு துண்டு. முன்னிரண்டு, பின்கூரை ஒன்று, பின்சுவரோடு சேர்ந்த பக்கச்சுவர்கள் ஒன்று. முதலில் 'இவர் விடமாட்டார் போல' என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஷெட்டுக்குப் போய் என் பெரிய ஓட்டைப் பார்த்தேன். அதைக் கழற்றி வைக்க உத்தரத்தில் கப்பி கட்டியிருக்கிறேன். வண்டியை அடியில் கொண்டுவந்து, நாலு பட்டை மாட்டி, கயிற்றை இழுத்துத் தொங்கவிட வேண்டும். தொங்கும்வரை அடியில் வேறு எதையும் வைக்க முடியாது, நிமிர்ந்து நடக்கவும் முடியாது. நெற்றியில் ஒரு தழும்பு அதன் பெயரில் இருக்கிறது. இந்த வருஷம் எத்தனை முறை மொத்தமாகக் கழற்றினேன் என்று யோசித்தேன். ஒருமுறைகூட இல்லை. கப்பிக்குப் பயந்து.

உங்கள் பின்கூரை தட்டைப் பலகை. சுவரில் சாய்த்து வைத்துவிடலாம், 8 கிலோகூட வராது. 'மூன்று விதம்தான், ஆறு எதற்கு' என்று மார்ச்சில் எழுதினேனே, அதில் ஓட்டும்போது உள்ள கணக்கு மட்டும்தான் இருந்தது, கழற்றி வைக்கும்போது உள்ள கணக்கு இல்லை. அது என் பிழை. இணைப்பு 2.4 மீட்டர் பக்கங்களில், 1.2 பின்னால், ஆக 3.6 மீட்டர் கூடுகிறது. கால்வாய் இருந்தால் அது சமாளிக்கக்கூடிய தொகைதான்.

ஒரே சண்டை: அந்தப் பின்மூலை. மேலிருந்து வரும் பக்கக் கால்வாயும் பின்கால்வாயும் சேரும் இடத்தில் கால்வாயை ஒட்டுப்போடாமல் ஒரே அச்சில் வளைத்து வாருங்கள். ரப்பரையும் அங்கே வெட்டி ஒட்டாமல் வளைத்தே கொண்டுபோய், முனைகளை நேர்க்கோட்டின் நடுவில், முன்பக்கமாகச் சேருங்கள்.

மே 9

சும்மா இருக்க முடியவில்லை. என் ஓட்டின் மேல் பென்சிலால் கோடு போட்டுவிட்டேன். வெட்டவில்லை. கோடு மட்டும்.

மே 24

வெட்டிவிட்டேன்.

ஆங்கிள் கிரைண்டரில் முதல் அரை அங்குலம் இறங்கும்வரை மூச்சுவிடவில்லை. நாலு வருஷம் கழித்துச் சாண்ட்விச்சின் உள்ளே பார்க்கும் வாய்ப்பு: ஃபோம் பளிச்சென்று காய்ந்திருந்தது, ஒரு இடம் தவிர. பின்வைப்பர் மோட்டார் போல்ட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. விரலால் அழுத்தினால் ஈரம். பிப்ரவரி 27-ஆம் தேதிக் குறிப்பை எழுதியவனேதான் அந்த ஒரு போல்ட்டுக்குப் பிளைவுட் வைக்காமல் விட்டிருக்கிறான். தோண்டி எடுத்து, ஒரு வாரம் காயவிட்டு, கெட்டி ஃபைபர் பதித்தேன். வெட்டிய விளிம்பு முழுவதும் ஃபோமை 15 மி.மீ. உள்ளே சுரண்டி ரெசின் பட்டியால் அடைத்தேன். கால்வாய் அச்சு தயாராகிறது.

ஜூன் 19

நேற்று மழை, காற்றோடு. நாலு துண்டாகிவிட்ட கூரையோடு மூன்று மணி நேரம் ஓட்டினேன். பின்மூலைகள் இரண்டும் காய்ந்திருந்தன. குழாய்கள் நாலிலும் தண்ணீர் போவது கால்பக்கம் கேட்டது. வீடு வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால் வலது முழங்காலில் ஐந்து பைசா அளவுக்கு ஈரம்.

அது புது இணைப்பு இல்லை. முன்துண்டு இரண்டும் முன்கண்ணாடிச் சட்டமும் கூடும் அந்தப் பழைய முச்சந்தி; நாலு வருஷமாக ஒழுகாத இடம். காகிதம் வைத்து இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. பின்கூரையைப் பிரித்ததும் முன்துண்டுகள் உட்காரும் உயரம் ஒரு நூல் மாறியிருக்கிறது. நாளை கிளாம்ப்பின் அடியில் வாஷர் ஒன்று போட்டுப் பார்க்கிறேன். நீங்கள் அதுவரை உங்கள் முன்துண்டுக்கு அச்சு எடுக்காதீர்கள்.